எலி வருடத்து ரசீது

தோக்சான் நகரத்தில் தபால்காரர் நாம்குங் பியோவைத் தெரியாதவர் யாரும் கிடையாது. அவருக்குத் தெரியாதவரும் யாரும் கிடையாது. அதுதான் பெரிய விஷயம். ஜப்பான்காரர்கள் ஆண்ட கடைசி வருடங்களில், கொரியர்கள் எல்லோரும் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்ற தபால்காரர்கள் திணறிப்போனார்கள். பியோ ஒரே மாதத்தில் நாலாயிரம் பேருடைய இரண்டு பெயரையும் தலையில் ஏற்றிக்கொண்டார். விடுதலை வந்து புதுப் பெயர்கள் ஒரே வாரத்தில் உதிர்ந்தபோதும் எந்தப் பெயருக்கு வந்த கடிதமும் சரியான வாசலுக்கே போயிற்று.

"நாளைக்கு என் பேரு எனக்கே மறந்துபோனா, பியோகிட்ட கேட்டுக்குவேன்" என்று மீன்காரி ஓக்புன் சந்தையில் சொல்வாள்.

பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். அதே நாளில் சேர்ந்த இன்னொருவர் தாக் உன்போ. பியோவைவிட இரண்டு வயது மூத்தவர். வாயும் இரண்டு மடங்கு, மூக்கும் நீளம். இருவரும் தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரே அறையில் ஆறு வருடம் படுத்து எழுந்தவர்கள். பிறகு தாக் உன்போவுக்கு வடக்கே எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த சொக்மூன் கிளைக்குப் பொறுப்பாளராக உயர்வு வந்தது. மாலை அணிவித்து வழியனுப்பினார்கள். எட்டு கிலோமீட்டருக்கு எதற்கு மாலை என்று அவரே கேலி செய்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில் ஜப்பான் தோற்றது. வடக்கே ரஷ்யப் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் வந்து இறங்கின. எங்கோ உட்கார்ந்திருந்த யாரோ வரைபடத்தில் இழுத்த கோடு, தோக்சானுக்கும் சொக்மூனுக்கும் நடுவே ஒரு ஜின்செங் மூலிகைத் தோட்டத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. ஆறு மாதம் ஒரு கடிதம்கூட அதைத் தாண்டவில்லை. அப்புறம் இரண்டு படைகளும் பேசி ஒரே ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கொண்டன: வியாழக்கிழமைதோறும் சொக்மூன் ரயில் பிளாட்பாரத்தில் தபால் மூட்டைகளை மாற்றிக்கொள்ளலாம். தெற்கிலிருந்து யாரை அனுப்புவது? வழி தெரிந்த பியோவை. வடக்கிலிருந்து யார் வாங்குவது? அந்த ஊர்த் தபால் கிளையிலேயே இருந்த தாக் உன்போ.

பியோ போய் வந்த மூன்று வருடத்தில் ஊர் அவர் கண்ணெதிரே இரண்டாகப் பிளந்தது. முதலில் முடிதிருத்தும் கடைகள். நிலம் உழுகிறவனுக்கே என்றவர்கள் பாலத்தடிக் கடைக்கும், அவர்களை ஒழிக்க வேண்டும் என்றவர்கள் சந்தைமுனைக் கடைக்கும் போனார்கள். விடுதலைப் போராட்ட நினைவாக நடக்கும் மார்ச் முதல் தேதி ஊர்வலம் ஊரின் இரண்டு முனையிலிருந்தும் தனித்தனியாகப் புறப்பட்டு, நடுவில் முட்டிக்கொண்டது. பதினோரு மண்டை உடைந்தது. நிச்சயமான கல்யாணங்கள் நின்றன. வடக்கே நிலத்தைப் பறிகொடுத்து ஓடிவந்த இளைஞர்கள் தடியோடு தெருவில் அலைந்தார்கள். தெற்கே குத்தகை கொடுத்துக் கொடுத்து மாய்ந்தவர்களின் பிள்ளைகள் கலகக்காரர்களாக மலைக்கு ஏறினார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு வந்த துண்டறிக்கையைத் தம்பி அடுப்பில் போட்டான்.

பியோ இரண்டு கடையிலும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. மனைவி வெட்டினாள். கங்ஹ்வா தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் ஊர் அவளைக் கங்ஹ்வாக்காரி என்றே கூப்பிட்டது. அவளுக்குக் கத்தரி சரியாக வராது.

"யோவ், நீ எந்தப் பக்கம்? இன்னிக்குச் சொல்லிட்டுத்தான் போகணும்" என்று ஒருநாள் தடிக்காரப் பையன்கள் மறித்தார்கள்.

"பையை இடது தோள்ல மாட்டுவேன் தம்பி. பாரம் கூடினா வலது தோளுக்கு மாத்துவேன். உன் அம்மாவுக்கு ரெண்டு கடிதாசு வந்திருக்கு, வழியை விடு."

வழியை விட்டார்கள்.

நாற்பத்தெட்டில் ஒரு தேசம் இரண்டு அரசாக அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் தெற்கு, செப்டம்பரில் வடக்கு. அச்சகம் மெதுவானது, புது அரசின் பெயர் போட்ட ரசீதுப் படிவங்கள் நவம்பரில்தான் வந்தன. நவம்பர் முதல் வியாழக்கிழமை பியோ அவற்றை எடுத்துக்கொண்டு சொக்மூனில் இறங்கினார். எதிரே தாக் உன்போவின் கையிலும் புதுப் படிவம். அவருக்குப் பின்னால் சிப்பாய்களோடு ஓர் இளம் அதிகாரி. பியோவுக்குப் பின்னாலும் சிப்பாய்களோடு ஒரு சார்ஜன்ட்.

"தென்பகுதிப் பிரதிநிதி அவர்களே, முப்பத்தேழு மூட்டை" என்றார் தாக் உன்போ. பிறர் முன்னால் இப்படித்தான் பேச வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

"வடபகுதிப் பிரதிநிதி அவர்களே, நாப்பத்தொண்ணு" என்று பியோ படிவத்தை நீட்டினார்.

இளம் அதிகாரி அதை எட்டிப் பார்த்தார். "இந்தப் பேர்ல ஒரு நாடே கிடையாது. இதுல கையெழுத்துப் போட்டா இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. போடக்கூடாது."

சார்ஜன்ட் விடுவாரா? அந்தப் பக்கத்துப் படிவத்தைப் பார்த்துவிட்டு அதே வாக்கியத்தைச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் படித்தவர்கள் போல இருந்தது.

ரசீது இல்லாமல் மூட்டை மாறாது; அது தபாலின் அடிப்படை. எழுபத்தெட்டு மூட்டை பிளாட்பாரத்தில் கிடந்தது. என்ஜின் ஒரு மணிக்குத் திரும்ப வேண்டும். ஒருமுறை திரும்பினால் அப்புறம் யாரும் அதை மறுபடி வரச் சொல்லப்போவதில்லை என்பது பியோவுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் நிறுத்துவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த சமயம் அது.

அவர் கக்கத்தில் ஒரு காகிதச் சுருள் இருந்தது. குளிர் தொடங்குவதற்குள் கதவுச் சட்டங்களுக்குப் புதுக் காகிதம் ஒட்ட வேண்டும் என்று கங்ஹ்வாக்காரி காலையில் வாங்கிவரச் சொன்ன கதவுக் காகிதம். அதில் ஒரு முழத்தைக் கிழித்தார். மூட்டையின் மேல் விரித்தார். 'நாற்பத்தொன்று கொடுத்தேன், முப்பத்தேழு பெற்றேன், நாம்குங் பியோ' என்று எழுதி, இடுப்புப் பையிலிருந்து தன் சொந்த முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் தோய்த்து அழுத்தினார். நிலம் விற்றாலும் பெண் கொடுத்தாலும் ஒரு மனிதன் குத்துகிற, கட்டைவிரல் பருமனான மர முத்திரை. அதில் அரசு எதுவும் இல்லை. ஓர் ஆளின் பெயர் மட்டும்.

"நீங்க குத்துங்கண்ணே" என்றார், பிரதிநிதி என்பதை மறந்து.

தாக் உன்போ குத்தப் போனவர் நின்றார். "தேதி?"

அதுவும் சிக்கல்தான். தெற்கில் புது அரசு ஆதி மன்னன் காலத்திலிருந்து கணக்கிட்டு நாலாயிரத்து இருநூற்று எண்பத்தொன்று என்று எழுதச் சொல்லியிருந்தது. வடக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு. எதை எழுதினாலும் ஒருவர் தோற்பார்.

"இது என்ன வருஷம்?" என்று பியோ சார்ஜன்ட்டைப் பார்த்துக் கேட்டார். "உங்க வீட்டுல திதி கொடுக்குறப்ப என்ன வருஷம்னு சொல்லுவீங்க?"

"எலி வருஷம்."

"உங்க வீட்டுல, தோழர்?"

இளம் அதிகாரி வேண்டாவெறுப்பாக, "எலிதான்" என்றார்.

பன்னிரண்டு மிருகங்களின் பெயரால் சுற்றி வரும் பழைய பஞ்சாங்கப்படி எலி வருடம், பத்தாம் மாதம், நாலாம் நாள். தாக் உன்போ முத்திரையைக் குத்தினார். மூட்டைகள் மாறின. என்ஜின் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கே கிளம்பியது.

வீட்டுக்குத் திரும்பியதும் கங்ஹ்வாக்காரி காகிதத்தை அளந்து பார்த்தாள். "ஒரு முழம் குறையுதே."

"தேசத்துக்குக் கொடுத்தேன்."

"எந்தத் தேசத்துக்கு? காத்து வர்ற கதவு இந்த வீட்டுலதான் இருக்கு."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு வியாழனும் ஒரு முழம் கதவுக் காகிதம் போயிற்று.

டிசம்பரில் புதுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வடக்கோடு பேச்சு வைத்தாலே குற்றம். ஜனவரி பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கடிதம் கொடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே பியோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பையில் மீதியிருந்த இருபத்திரண்டு கடிதங்களைத் தபால் நிலையத்தில் சேர்த்துவிட்டு வரலாமா? கூடாது என்றார்கள். பையைக் கொடுக்க மாட்டேன் என்று அவர் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒரு போலீஸ்காரர் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

விசாரித்தவர் இன்ஸ்பெக்டர் யாங். மேசையில் அந்தக் கதவுக் காகிதங்கள்.

"ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவுல நீ தனி அரசாங்கமா?"

"இல்லீங்க ஐயா. ரசீது."

"எலி வருஷம்னு எழுதச் சொன்னது யாரு? மாஸ்கோவா?"

"பஞ்சாங்கம்."

அதற்கு ஓர் அறை விழுந்தது. இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் யாங் ஒரு வாக்குமூலத்தை நீட்டினார். வடக்கின் உத்தரவுப்படி, அங்குள்ள ஏஜென்ட் தாக் உன்போவோடு சேர்ந்து ரகசிய ஒப்பந்தம் செய்தேன் என்று எழுதியிருந்தது. முத்திரை குத்தினால் வீட்டுக்குப் போகலாம். வேலை மட்டும் போகும்.

பியோ நிதானமாகப் படித்தார். "இதுல என் முத்திரை விழுந்தா, அந்தக் காகிதம் அத்தனையும் ஒப்பந்தம்னு ஆயிடும். அப்புறம் மூட்டை போகாது."

"போகாட்டி உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. வடக்கே எனக்கு யாரும் இல்ல. என் வீட்டுக்கு ஒரு கடிதாசுகூட வந்தது கிடையாது. ஆனா மூட்டை போகணும்."

யாங் மேசை இழுப்பறையிலிருந்து பியோவின் முத்திரையை எடுத்து உருட்டினார். பிடித்த அன்றே பறித்து வைத்தது. "நானே குத்திக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"குத்திக்கலாங்க. கட்டைதானே. ஆனா நான் குத்தலன்னு நான் சொல்லுவேன். இந்த ஊருல யாரு வார்த்தையை நம்புவாங்கன்னு நீங்களே கேட்டுப் பாருங்க."

யாங் முத்திரையை மறுபடி இழுப்பறையில் போட்டு மூடினார்.

இதற்கிடையே அந்த வியாழக்கிழமை வந்து போயிருந்தது. பியோவுக்குப் பதிலாக குவோன் என்ற இளம் எழுத்தரை அனுப்பினார்கள். அவன் நாற்பத்தாறு மூட்டையோடு போய், நாற்பத்தாறு மூட்டையோடு திரும்பி வந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றார் போஸ்ட்மாஸ்டர் சிம். காலடியில் காகிதம் சரசரத்தாலும் திடுக்கிடுகிற மனிதர்.

"அங்கேயும் ஒரு புதுப் பையன் சார். பியோ முத்திரை எங்கன்னு கேட்டான். தாக் உன்போ முத்திரை எங்கன்னு நான் கேட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. ஆளுக்கொரு சிகரெட் பிடிச்சிட்டுத் திரும்பிட்டோம்."

"தாக் உன்போ எங்கேயாம்?"

"அவரையும் உள்ள வெச்சிட்டாங்களாம் சார். தென்பகுதிக்காரனோட ரகசிய ஒப்பந்தமாம்."

போஸ்ட்மாஸ்டர் சிம் வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார் என்று குவோன் பிற்பாடு சொன்னான். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. சந்திரப் புத்தாண்டுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

புத்தாண்டு என்றால் மூதாதையருக்குப் படையல். கோட்டுக்கு அந்தப் பக்கம் செத்தவர்களின் தேதி கடிதத்தில்தான் வரும். தேதி தெரியாமல் திதி இல்லை. திதி இல்லாத முன்னோர் பட்டினி. பிளந்த ஊரில் இடதும் வலதும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வெள்ளிக்கிழமை தபால் நிலைய வாசலில் முன்னூறு பேர் நின்றார்கள். மூட்டை மாறவில்லை என்று சிம் அறிவித்தும் ஒருவரும் கலையவில்லை.

ஓக்புன்தான் வாயைத் திறந்தாள். "என் மாமனார் பியாங்யாங்ல ஐப்பசிலயே போயிட்டார்னு சேதி. எந்தத் தேதின்னு தெரியல. அந்தத் தேதி மூட்டைக்குள்ள கிடக்கு. மூட்டை ரயில்ல கிடக்கு. ரயிலுக்குச் சாவி பியோ. பியோ எங்கே?"

"போலீஸ் ஸ்டேஷன்ல" என்றது கூட்டம்.

"அப்ப மூட்டையும் ஸ்டேஷன்லதான் இருக்கணும்."

திரும்பி வந்த நாற்பத்தாறு மூட்டைகளையும் பெண்கள் தலையில் தூக்கினார்கள். அரசாங்கத் தபால், தடுக்க வேண்டியவர் சிம். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணு கீழ விழக்கூடாது, சொல்லிட்டேன்" என்று முன்னால் நடந்தார். காவல் நிலைய வாசலில் மூட்டைகளை அடுக்கி, அவற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாலத்தடிக் கடைக்காரரும் சந்தைமுனைக் கடைக்காரரும் மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரே கணப்பில் கை காய்ச்சினார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவர் போட்ட விறகை இன்னொருவர் நெருப்புக்குள் தள்ளிவிட்டார்.

உள்ளே அறையிலிருந்த பியோவுக்குச் சத்தம் கேட்டது. காவலுக்கு நின்றவரைக் கேட்டார்: "எத்தனை மூட்டை?"

"நாப்பத்தாறாம்."

"பனி பெய்யுதா?"

"பெய்யுது."

"அப்ப மேல ஏதாச்சும் மூடச் சொல்லுங்க. கடிதாசு நனைஞ்சா மை ஓடும்."

ஐந்து நாள் உட்கார்ந்தார்கள், முறை போட்டுக்கொண்டு. கங்ஹ்வாக்காரி சோறும் காரமுள்ளங்கியும் கொண்டுவந்து, முதலில் போலீஸ்காரர்களுக்குக் கொடுத்தாள். "சாப்பிட்டுத் தெம்பா இருங்க. நாங்க இங்கேயேதான் இருப்போம்." இரண்டாம் நாளே அவர்களில் ஒருவர் வடக்கே இருந்த தன் அண்ணனுக்குத் தானும் ஒரு கடிதம் எழுதி, யாரும் பார்க்காதபோது ஒரு மூட்டையின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை மாலை யாங் பியோவைக் கூப்பிட்டார். முத்திரையை மேசையில் வைத்தார்.

"மாற்று ஏற்பாடு ஆகிற வரைக்கும் போ. ஆனதும் மறுபடி கூப்பிடுவேன்."

"சரிங்க ஐயா. வாக்குமூலம்?"

"போடா வெளியே."

கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. வாசலில் நின்றதும் அவர் மனைவியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, மூட்டைகளை எண்ணினார். நாற்பத்தாறு இருந்தது. அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"என்னைய எண்ணலியா?" என்றாள் கங்ஹ்வாக்காரி.

"நீ தொலைய மாட்டேன்னு தெரியும்."

மறுநாள் வியாழன். ரயில் சொக்மூனை நெருங்க நெருங்க அவர் இடுப்புப் பையிலிருந்த முத்திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தன்னை விட்டுவிட்டார்கள், தாக் உன்போவை? அந்தப் பக்கம் முத்திரை இல்லாவிட்டால் இந்த முத்திரையால் பயனில்லை. அங்கேயும் யாராவது வாசலில் உட்கார்ந்திருப்பார்களா? அங்கே அப்படி உட்கார விடுவார்களா? குவோன் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பிளாட்பாரத்தில் வழக்கமான சிப்பாய்கள். இளம் அதிகாரி. அவருக்குப் பின்னால், ஒரு காலை இழுத்துக்கொண்டு, நீள மூக்கு.

"தென்பகுதிப் பிரதிநிதி அவர்களே" என்றார் தாக் உன்போ. பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "எத்தனை நாள்டா?"

"எட்டு நாள்ண்ணே."

"நான் பதினொண்ணு. உங்க ஆளுங்களுக்கு எதுலயும் பொறுமை கிடையாது."

"எதுக்குப் பிடிச்சாங்க?"

"உன்னோட சேர்ந்து சதியாம். உன்னோட! ஆறு வருஷம் ஒரே ரூம்ல இருந்தும் ஒரு சட்டையைத் துவைக்க உன்னை ஒத்துக்க வைக்க முடியல, சதியாம்."

"எப்படி விட்டாங்க?"

"மூட்டை ஏறலேன்னா புத்தாண்டுக்குக் கடிதாசு வராதுன்னு முதல்ல கத்தினது யாருன்னு நினைக்கிறே? எங்க மேலதிகாரியோட அம்மா."

இளம் அதிகாரி இருமினார். இருவரும் பிரதிநிதிகளாக மாறினார்கள். கதவுக் காகிதம் விரிந்தது. இரண்டு வாரத்து மூட்டை சேர்ந்திருந்தது. தொண்ணூற்றொன்று கொடுத்து, எண்பத்திரண்டு பெற்றார்கள். எலி வருடம், பன்னிரண்டாம் மாதம், இருபத்தொன்பதாம் நாள். இரண்டு முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. ஒரு காலில் ஊன்றிக் குனிந்து குத்தியதால் தாக் உன்போவுடையது கொஞ்சம் சாய்ந்திருந்தது. குவோன் இன்னொன்று குத்தச் சொல்லலாமா என்று கேட்டான். "வேண்டாம். அவருதான்னு தெரியுது" என்றார் பியோ.

அன்று மாலையும் மறுநாளும் தோக்சானில் நான்கு தபால்காரர்களும் ஓடினார்கள். புத்தாண்டுக்கு முந்தின நாள் இருட்டுவதற்குள் மூட்டைகள் காலி. ஓக்புன் தன் கடிதத்தைச் சந்தை நடுவிலேயே பிரிக்கச் சொல்லி, பியோவை விட்டே படிக்கவைத்தாள்.

"அக்கா, உன் மாமனார் சாகல. அவரே எழுதியிருக்கார். பல்லுதான் போயிருக்காம்."

ஓக்புன் கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "கிழவனுக்குப் படையல் போட மூணு கருவாடு எடுத்து வெச்சிருந்தேனே!"

"உசிரோடவே சாப்பிடலாம். ஆனா மூட்டையில மீன் போகாது, சட்டம் இருக்கு."

எலி போய் மாடு வந்தது, மாடு போய்ப் புலி வந்தது. இன்ஸ்பெக்டர் யாங்கின் மாற்று ஏற்பாடு வரவேயில்லை. கோட்டில் துப்பாக்கிகள் வாரத்துக்கு நாலு தடவை வெடித்தன. வியாழக்கிழமை பகல் பொழுதில் மட்டும் அந்த ரயில் தடத்தில் யாரும் சுடவில்லை. கடைசி ரசீதில் இருப்பது புலி வருடம், ஐந்தாம் மாதம், எட்டாம் நாள். அடுத்த வாரம் மழை வந்தால் மூட்டைக்கு எண்ணெய்த்துணி கொண்டு வா என்று தாக் உன்போ சொல்லி அனுப்பினார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது, ஜூன் இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பீரங்கிகள் தொடங்கின.

போர் தோக்சானை வடக்கில் விட்டுவிட்டு நின்றது. பியோவும் கங்ஹ்வாக்காரியும் தெற்கே இன்சோன் துறைமுகத்தில் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். தாக் உன்போ என்ன ஆனார் என்று சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. துறைமுகத்து அகதிக் குடியிருப்பில் பெயர் பதிந்த எழுத்தர், முன்பு என்ன தொழில் என்று கேட்டார்.

"தபால். வடக்குக்கும் தெற்குக்கும் எண்பத்தஞ்சு தடவை மூட்டை மாத்தினேன், சொந்த முத்திரையில. ஒரு கடிதாசு தொலையல."

"எண்பத்தாறு வியாழக்கிழமை வருது" என்றாள் பக்கத்தில் நின்ற கங்ஹ்வாக்காரி. "நான் காகிதம் வாங்கினவ. எனக்குத் தெரியாதா?"

"ஒரு வாரம் நான் உள்ள இருந்தேனே."

"அந்த வாரம் நாங்க சும்மாவா இருந்தோம்? எண்பத்தாறுன்னே எழுதுங்க சார்."

எழுத்தர் பியோவைப் பார்த்தார். பியோ தலையாட்டினார். எண்பத்தாறு என்றே எழுதப்பட்டது.